ஒரு மீட்டர் முப்பது

வோரு நகருக்குத் தெற்கே
தார்ச்சாலை தீர்ந்த பிறகும் பதினோரு கிலோமீட்டர்.
மீண்டா அம்மாள் எழுதிவைத்த உயிலில்
நிலத்துக்கு ஒரே வரிதான்:
"காடு வரை ஐலிக்கு. காடு உர்மோவுக்கு."

வரை என்கிறது உயில்.
வரை என்கிறது நீதிமன்றமும்.
இரண்டுக்கும் நடுவே நான்,
நில அளவையாளன்,
முக்காலியும் ஒரு கட்டு முளைக்குச்சிகளுமாய்.

அவள் எழுதிய வருடம் இங்கே ரை விளைந்தது.
பிறகு டிராக்டர் துருப்பிடித்தது.
உழாத மண்ணுக்குள் பிர்ச் கன்றுகள்
தாமதமாய் வகுப்புக்கு வரும் பிள்ளைகள்போல
ஒவ்வொன்றாய் நழுவி நுழைந்திருக்கின்றன.
யாரும் பெயர் கூப்பிடவில்லை.

புல்லிலிருந்து நடக்கத் தொடங்கினேன்.
முதல் கன்று முழங்கால் உயரம்.
இது வயல், சந்தேகமே இல்லை.
அடுத்தது ஒரு விரற்கடை கூடுதல்.
ஒரு விரற்கடையில் வயல் காடாகிவிடுமா என்ன?
அடுத்தது.
அதற்கடுத்தது.
எந்த இரண்டு கன்றுகளுக்கு நடுவிலும்
குச்சி அடிக்கக் கை வரவில்லை.
நிமிர்ந்து பார்த்தால்
சுற்றிலும் பாசி, அரையிருட்டு, ஸ்ப்ரூஸ் பிசினின் வாசனை.
எங்கே நுழைந்தேன்?
காலணியின் ஈரத்தை வைத்தும் சொல்ல முடியவில்லை.

எங்கள் அலுவலகம் இதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறது:
ஒரு மீட்டர் முப்பது.
அதைத் தொட்டுவிட்டால் மரம், தொடாவிட்டால் களை.
திங்களன்று ஒன்று இருபத்தொன்பது இருந்த கன்று
மழை பெய்த வாரம் முடிந்ததும் உர்மோவின் சொத்து.
ஆகவே ஐலி
புதன்தோறும் புல்வெட்டியோடு வருகிறாள்.
உர்மோ விடிவதற்கு முன்பே வந்து
அளவுநாடா பிடிக்கிறான்.

"அம்மா காடு என்றது எதைத் தெரியுமா?" என்றாள் ஐலி,
பெட்ரோல் நாறும் கையுறையைக் கழற்றியபடி.
"சாப்பிடக் கூப்பிடுவாள். குரல் எட்டாத இடம் காடு.
அந்தப் பெரிய பாறைக்கும் அப்பால்."

உர்மோ சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.
"மஞ்சள் காளான் முளைக்கும் இடத்தைத்தான்
அவள் காடு என்றாள்.
கூடையோடு போனவன் நான்.
அது பாறைக்கு இந்தப் பக்கம்."

முப்பது வருடம் ஒரே மேசையில்
ஒரே சொல்லைப் பிட்டுப் பிட்டுத் தின்றிருக்கிறார்கள்.
காட்டுக்குப் போகிறேன் என்றான் அவன்,
காட்டிலிருந்து வந்துவிட்டான் என்றாள் இவள்,
ஒருநாளும் தொண்டையில் சிக்கியதில்லை.
முள் இப்போதுதான் தட்டுப்படுகிறது.
அவளைக் கேட்கலாம் என்றால்
அவள் தேவாலயத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறாள்.
எழுந்து வந்தாலும்
என் பேனாமுனை அளவுக்குச் சரியாய்
எதையாவது நினைத்துத்தான் எழுதினாளா
என்று எனக்குச் சந்தேகம்.
அவளுக்கு அன்று அந்த அளவு நினைப்பு போதுமாயிருந்தது.
சொல்லுக்கும்.

இருந்தாலும் சம்பளம் கோட்டுக்குத்தான்.

பாறையும் வேண்டாம், காளானும் வேண்டாம் என்று
ஒரு வளைவைத் தேர்ந்தேன்.
கண்டுபிடித்தேன் என்று அறிக்கையில் எழுதுவேன்.
வரைபடத்தில் அது மயிரிழை.
மண்ணில் அந்த மயிரிழைக்கே
ஒரு முழம் அகலம்.
அந்த முழத்துக்குள் நிற்கும் பிர்ச் யாருடையது என்று
இருவரும் இன்னும் கேட்கவில்லை.
கேட்பார்கள்.

முதல் குச்சியை அடித்து முடித்தேன்.
உர்மோவின் மகன் தாவெட், பத்து வயது இருக்கும்,
அப்பாவின் நாடாவை இழுத்து
குச்சியின் பக்கத்தில் பிடித்தான்.

"ஒன்று நாற்பது," என்றான். "என்ன மரம் இது?"

"ஸ்ப்ரூஸ்."

எதுவும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஐலி பார்த்தாள். உர்மோவும் பார்த்தான்.

சம்மட்டியை மறுபடி எடுத்து
இன்னும் ஒரு சாண் உள்ளே இறக்கினேன்.